பென்டிரைவ் போட்ட வேகம்

"பென்டிரைவைச் சொருகினா லேப்டாப் பறக்குமா? நல்லா காதுல பூ சுத்தியிருக்கான், அக்கா!"

மேல்வீட்டு முகுந்தன் சுபாங் ஜெயாவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்பவன். அவனே சொன்னதும் பஞ்சவர்ணத்துக்குச் சுருக்கென்றது.

மகள் அனுப்பிரியா டிப்ளோமா பிராஜெக்ட் முடிக்க இருப்பது அந்த ஒரு பழைய லேப்டாப்தான். ஆமையாக நகர்ந்துகொண்டிருந்ததை, போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ரிப்பேர் பார்க்கும் ராசிக்கிடம் பஞ்சவர்ணம் கொடுத்தாள். தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்து தனியாக இருப்பவன். மறுநாள் பக்கவாட்டில் ஒரு பென்டிரைவைச் சொருகித் தந்தான்.

"மெமரி பத்தலக்கா. இனி இது கைகொடுக்கும், கழட்டிடாதீங்க."

பென்டிரைவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டான்.

"இப்ப நல்லாத்தான லா ஓடுது?" என்றாள் பஞ்சவர்ணம்.

"இது ஏதோ கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். இந்த வேகமெல்லாம் வராது. பாருங்க."

முகுந்தன் பென்டிரைவை உருவினான். லேப்டாப் அதே வேகத்தில் ஓடியது.

"பார்த்தீங்களா? தண்டச் செலவு!"

"நாளைக்குக் காலையில போய் அவனை உண்டு இல்லன்னு பண்றேன்!"

பிறகு எப்படி இந்த வேகம் என்று முகுந்தனுக்குத்தான் சந்தேகம் தீரவில்லை. லேப்டாப்பை அணைத்து, திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"என்ன முகுந்தா?"

"உள்ள புது மெமரி போட்டிருக்கான், அக்கா. இதோட விலைக்கு அந்த பென்டிரைவ் மாதிரி நாலஞ்சு வாங்கலாம். இதுக்குக் காசு கேக்கலையா?"

கேட்கவில்லை. அன்று லேப்டாப்பைக் கொடுத்தபோது, "என்கிட்ட மெமரி ஒண்ணு இருக்கு, சும்மாவே போட்டுத் தரேன்க்கா" என்று அவன் சொல்லத்தான் செய்தான். "ஓசி வாங்கி எங்களுக்குப் பழக்கமில்ல, தம்பி" என்று வெடுக்கென்று மறுத்தவள் அவள்தான்.

பஞ்சவர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் கடைக்குள் நுழைந்ததும் ராசிக்கின் முகம் மாறியது.

"என்னக்கா, லேப்டாப் மறுபடி மக்கர் பண்ணுதா?"

"மக்கரா? பென்டிரைவ் போட்டதுல இருந்து சும்மா ஜம்முனு ஓடுது, தம்பி." கொண்டுவந்த டிபன் கேரியரை மேசையில் வைத்தாள்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்குக்கா? வேணாம்..."

"உனக்குன்னு ஒண்ணும் ஆக்கல லா. மத்தியானம் வச்ச மீன் குழம்பு மிஞ்சிப் போச்சு. வீணாப் போகுதேன்னு எடுத்துட்டு வந்தேன்."

ராசிக் மூடியைத் திறந்தான். சோற்றிலிருந்து ஆவி கிளம்பியது.

சுவர்க் கடிகாரத்தில் மணி காலை பத்தரை.