இரண்டேகால் மணி சில்வஸ்டர்

செத்து இருபத்தாறு நாளான கிளார்க் சில்வஸ்டர், மதியம் சரியாக இரண்டேகால் மணிக்கு மவுஸை நகர்த்தினார்.

எஸ்டேட் மேனேஜர் ஹெர்பர்ட் தமது அறைக் கணினியில், சில்வஸ்டர் கணினியின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலைப் பட்டியலில் அம்புக்குறி ஊர்ந்தது. கட்டம் கட்டமாக எழுத்து விழுந்தது. ‘டஸ்ட்’ என்று தேயிலை ரகத்தை அடித்து, அழித்து, மறுபடியும் அடித்தது. சில்வஸ்டரின் பழக்கம் அச்சு அசலாக அதேதான்.

திரையின் மேலே கண்காணிப்பு மென்பொருள் போட்ட நேர முத்திரை 2:15 என்றது. அதே திரையின் கீழ் மூலையில் இருந்த கடிகாரம் 11:40 என்றது. செத்தவர்கள் கடிகாரம் பார்ப்பதில்லை போலும் என்று நினைத்து ஹெர்பர்ட்டுக்கு வியர்த்தது. கீழ் கோத்தகிரியில் அப்போது பன்னிரண்டு டிகிரி.

அந்த மென்பொருளைக் கொண்டுவந்தவரே அவர்தான். ஆபீஸ் கணினிகளின் திரையில் நடப்பதையெல்லாம் வீடியோவாகப் பிடித்து, அவருக்கும் கோயமுத்தூர் ஹெட் ஆபீஸுக்கும் அனுப்பிவிடும். தேயிலை விலை விழுந்து ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடுகிற காலம். ஆபீஸுக்கு ஒருவர் போதும் என்று ஹெட் ஆபீஸ் சொல்லிவிட்டது. யார் உழைப்பாளி என்பதை இயந்திரமே சொல்லட்டும் என்று முழங்கி, ரிப்பன் வெட்டி அதைத் தொடங்கிவைத்தார் ஹெர்பர்ட். கைதட்டியவர் சில்வஸ்டர். ஆபீஸில் வேறு ஆள் கிடையாது.

அன்றைக்கே சில்வஸ்டரைக் கூப்பிட்டார்.

“உங்க வேலையெல்லாம் ஒண்ணொண்ணா இதுலயே பதிஞ்சு வெச்சிருங்க. நாளைக்கு நீங்க இல்லீன்னாலும் வேலை நிக்கக் கூடாது பாருங்க.”

“சரிங்க சார்” என்ற சில்வஸ்டர் இரண்டு வாரம் உட்கார்ந்து பதிந்தார். மூன்றாவது வாரம், ஃபாக்டரிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவர் பதிந்துவைத்ததில் ஒன்றைக்கூட ஹெர்பர்ட் திறக்கவில்லை. ஏலப் பட்டியலை இனி யார் அனுப்புவது என்றும் யோசிக்கவில்லை. ஹெட் ஆபீஸ் கேட்கவில்லை. கேட்காத வேலையை அவர் செய்வதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சில்வஸ்டரின் மனைவி ஜெஸிந்தா வந்து நின்றாள். வேலையில் இருந்தவர் செத்தால் அந்த இடம் அவர் வீட்டில் ஒருவருக்குப் போவது எஸ்டேட் வழக்கம்.

“சார், அவரு எடத்தை எனக்குப் போட்டுக்குடுங்க. வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிருமுங்க.”

“கம்ப்யூட்டரைத் தொட்டிருக்கியாம்மா நீ? சரி, ஹெட் ஆபீஸுக்கு எழுதறேன். அதுவரைக்கும் ஆபீஸைக் கூட்டிட்டு இரு.”

சாவுச் செய்தியும் சிபாரிசும் சேர வேண்டிய அந்தக் கடிதம், ‘மேன்மை தங்கிய’ என்ற இரண்டு சொல்லோடு நின்றுபோய், ஹெர்பர்ட் கணினியில் ஆடும் சீட்டாட்டத்துக்குப் பின்னால் கிடந்தது.

மவுஸ் நகர்வதை அவர் கவனித்து இன்று ஒன்பதாம் நாள். அதற்கு முன் கவனிக்கச் சீட்டாட்டம் விடவில்லை. ‘நீங்க இல்லீன்னாலும் வேலை நிக்கக் கூடாது’ என்ற தம் சொந்தக் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. சில்வஸ்டர் இவ்வளவு சொல்பேச்சு கேட்கிற ஆள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சட்டைக்குள் இருந்த சிலுவையைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்தார். மூடுபனி அவருக்கு முன்னாலேயே உள்ளே வந்திருந்தது. சில்வஸ்டரின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது.

நாற்காலியில் ஜெஸிந்தா. மடியில் ஒரு நோட்டு, இரண்டு கையும் நோட்டின்மேல். மவுஸை யாரும் தொடவில்லை. திரையில் அம்புக்குறி மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது.

“ஜெ... ஜெஸிந்தா, அது யாரு?”

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக்கொண்டு அவள் எழுந்தாள். “அவருதானுங்க. சொல்லிக்குடுத்துட்டு இருக்காரு.”

ஹெர்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு விசையைத் தட்டினாள், அம்புக்குறி நின்றது.

“வீடியோங்க சார். நீங்க பதியச் சொன்னீங்கல்ல, அதுதானுங்க.”

போன உயிரும் போன கம்பீரமும் ஹெர்பர்ட்டுக்கு ஒன்றாகத் திரும்பின. “யாரைக் கேட்டு இங்க உக்காந்தே? உன்னைக் கூட்டத்தானே சொன்னேன்? நாளையிலிருந்து ஆபீஸ் பக்கமே வராதே! குவார்ட்டர்ஸையும் காலி பண்ணு!”

செல்போன் அடித்தது. ஹெட் ஆபீஸ் மனோகரன். ஸ்பீக்கரில் பேசுவதுதான் மேனேஜருக்கு அழகு என்பது ஹெர்பர்ட்டின் கொள்கை.

“ஹெர்பர்ட், வீடியோவெல்லாம் பாத்துட்டோம். உங்க திரையில மூணு வாரமா சீட்டாட்டம்தான் ஓடுது. அங்க வேலை செய்யறது சில்வஸ்டர் ஒருத்தர்தான். அவர் இருக்கட்டும், நீங்க கெளம்பிருங்க.”

“ஐயோ சார், சில்வஸ்டர் செத்து இருபத்தாறு நாளாச்சுங்க!”

ஸ்பீக்கரில் மனோகரன் குரல் உயர்ந்தது. “அப்ப வாரா வாரம் லிஸ்ட் அனுப்பினது யாரு?”

ஹெர்பர்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது வந்துங்க சார்... என்னோட நேரடி மேற்பார்வையில...”

ஜெஸிந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். காதில் மாட்டியிருந்ததன் ஒயரைக் கணினியிலிருந்து பிடுங்கிவிட்டு, அதே விசையைத் தட்டினாள்.

மூச்சு வாங்கும் ஒரு குரல் அறை முழுக்கக் கேட்டது.

“ஜெஸி, சாரு இதையெல்லாம் தொறந்துகூடப் பாக்க மாட்டாரு, எனக்கப்பறம் லிஸ்ட்டை நீயே அனுப்பிரு.”