குடிக்காத காபி

"ஷிப்லிகிட்டயா கன்னு வாங்கப் போறே? உனக்கென்ன பைத்தியமா அண்ணே?"

பக்கத்து நிலத்துக் குலைப் தலையில் அடித்துக்கொண்டான். நவாஃபின் கண்ணோ, குலைபின் சரிவில் இடுப்பு உயரத்துக்குத் தளதளவென்று நின்ற ஓக் கன்றுகள் மேலேயே இருந்தது.

"இதெல்லாம் அவர்கிட்ட வாங்கினதுதானே?"

"ஆமா, முழு விலைக்கு! ஒத்தக் காசு குறைச்சானா அந்தக் கஞ்சன்? இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது."

நவாஃபுக்கு எரிந்தது வேறு. போன கோடையில் அஜ்லூன் மலையில் பிடித்த தீ, குலைபின் வேலி வரைக்கும் வந்து அணைந்தது. அதற்குள் நவாஃபின் நிலத்தை மொட்டையடித்துவிட்டது. இப்போது பெய்கிற மழைக்கெல்லாம் மண் கரைந்து ஓடையில் போகிறது. மழைக்காலம் முடிவதற்குள் கன்று வைக்காவிட்டால் அப்பா விட்டுப்போன நிலத்தில் பாறைதான் மிஞ்சும். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வருகிற பென்ஷனில் ஒரு மூலைக்குத்தான் கன்று வாங்க முடியும். மிச்சச் சரிவுக்கு எங்கே போவது?

இருந்தாலும் ஷிப்லியின் நாற்றுப்பண்ணைக்குப் போனான். தலைநகர் அம்மானிலிருந்து வந்த வில்லாக்காரர் ஒருவர் தன் பெரிய காரில் கன்றுகளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு வாங்கறேனே, கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"இந்த மலையில வேற பண்ணை இருந்தா அங்கே போய்க் கேளுங்க," என்றார் ஷிப்லி.

வில்லாக்காரர் வாயை மூடிக்கொண்டு பர்ஸைத் திறந்தார்.

நவாஃப் தயங்கித் தயங்கி வாயெடுப்பதற்குள், "ஆளுக்கு ஒரு விலை என்கிட்ட கிடையாது தம்பி" என்று ஷிப்லி கையை விரித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னான். "ஹனூஃப், இனிமே ஒரே வழிதான். காபி."

அந்த மலையூர்களில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய காரியம் கேட்டு வந்தவன், கொடுத்த காபியைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டால் தீர்ந்தது. "குடி, கேட்டது கிடைக்கும்" என்று வீட்டுக்காரர் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் காபி ஆறிப்போனால் ஊரில் அவர் தலைகாட்ட முடியாது.

ஹனூஃப் சிரித்தாள். "அது பொண்ணு கேக்கறதுக்கும் வெட்டுக்குத்துச் சமாதானத்துக்கும்தானே? செடி வாங்கவா?"

"ஓக் மரம் ஆயுசு ஆயுசா நிக்கும். எந்த மாப்பிள்ளை அப்படி நிக்கறான்?"

அன்று சாயங்காலமே ஷிப்லி வீட்டுக்குப் போய் மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். வந்தது தேநீர்.

"காபிக்கொட்டை தீர்ந்துபோச்சு," என்றார் ஷிப்லி. அடுப்படியிலிருந்து காபி வறுக்கும் வாசனை மூக்கைத் துளைத்தது. நவாஃப் தேநீரைக் குடித்துவிட்டு, மரியாதையாக எழுந்து வந்தான்.

மறுநாள் ஏலக்காய் போட்டு அரைத்த காபித்தூளோடு போய் நின்றான். "உங்க வீட்டுல தீர்ந்துபோச்சுன்னீங்களே அண்ணே!"

விருந்தாளி கொண்டுவந்ததை எப்படி மறுப்பது? ஷிப்லி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே குரல் கொடுத்தார்.

காபி வந்தது. நவாஃப் கோப்பையை வாங்கி, ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் தரையில் வைத்தான்.

"சூடா குடிச்சுட்டுப் போற விருந்தாளி ஒருத்தராவது இந்த வீட்டுக்கு வர மாட்டாங்களா!" ஷிப்லியின் மனைவி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"என்னய்யா வேணும்?" என்றார் ஷிப்லி, தெரியாதவர் மாதிரி.

"என் சரிவு முழுக்க வைக்கக் கன்னு வேணும். பாதி விலைக்கு."

ஷிப்லி தன் கோப்பையையும் எடுத்தார். அவரும் அதைக் குடிக்காமல் நவாஃபின் கோப்பை பக்கத்தில் வைத்தார்.

நவாஃபுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வீட்டுக்காரரே கோப்பையை வைக்கறது எந்த ஊர் வழக்கம்?"

"எந்த ஊர்லயும் கிடையாது. என் வீட்டுல மட்டும்தான். உனக்கு வேணும்கறதைக் கேட்டே. எனக்கு வேணும்கறதை நான் கேக்க வேணாமா?"

இரண்டு கோப்பையும் ஆறிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் மாற்றி மாற்றி அவற்றையே பார்த்தார்கள்.

"என்கிட்ட என்ன இருக்கு, கேக்க?"

"வாய் இருக்கே. பாதியெல்லாம் வேணாம், கால் விலை கொடு. ஆனா வெளியில போய், ஷிப்லி முழு விலை வாங்கினான்னு சொல்லணும். கஞ்சன், கல்நெஞ்சன்னு வாய் நிறைய என்னைத் திட்டணும்."

நவாஃப் வாயைப் பிளந்தான்.

"வில்லாக்காரங்க கொடுக்கற முழு விலையிலதான்யா உனக்குக் குறைக்க முடியுது. நான் குறைப்பேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் அத்தனை பேரும் பேரம் பேச ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் கருகின மலைக்கு நான் எங்கேருந்து கன்னு கொடுக்கறது? அதைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அழுகையா வருது. குடி, கேட்டது கிடைக்கும்."

நவாஃபுக்கும் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் குடிங்க அண்ணே. கேட்டது கிடைக்கும்."

பச்சைத் தண்ணீராய் ஆறிப்போயிருந்த காபியை இரண்டு பேரும் முகம் சுளித்துக்கொண்டே குடித்தார்கள்.

மறுநாள் கன்றுகளை ஏற்றிய வண்டி மேடேறி வந்தது. குலைப் வேலியோரம் வந்து நின்றான்.

"என்ன அண்ணே, குறைச்சானா?"

நவாஃப் ஒரு நிமிஷம் தடுமாறினான். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அவனா? முழு விலை! ஒத்தக் காசு குறைக்கலை. கஞ்சன்! கல்நெஞ்சன்!"

"நான்தான் அப்பவே சொன்னேனே!" குலைப் வேலியைத் தாண்டி வந்து, கன்றுகளை இறக்கக் கைகொடுத்தான். இரண்டு கன்று இறக்கியதும் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, நவாஃபின் காதருகே குனிந்தான்.

"பாவம்ண்ணே அவரு... உன்கூடவும் ஆறின காபியைத்தானே குடிச்சாரு?"