தலைநகரின் பெயர்கொண்ட மத்து

திரும்பின பக்கமெல்லாம் மலையாக இருக்கிற கிர்கிஸ்தானில், மேய்ச்சல்வெளிக் கூடாரம் ஒன்றில், தோல்பையில் குதிரைப்பால் கடைகிற மத்து ஒன்று இருந்தது. அந்த ஊர்ப் பேச்சில் அதற்கு பிஷ்கேக் என்று பெயர். நாட்டின் தலைநகருக்கும் அதே பெயர்தான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததிலிருந்து அது வேலை செய்வதில்லை. கூடாரத்துக்காரி சைரா பிடித்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

"அடேய், என் வயிறு முட்டப் பால் இருக்கிறது. நீ கடையாவிட்டால் கெட்டுப்போகும்" என்றது தோல்பை.

"தலைநகரத்திடம் பேசுகிறாய். எழுந்து நின்று பேசு."

"எனக்குக் கால் ஏது? சைரா நாளைக்குப் புது மத்து செதுக்கப்போகிறாளாம். நீ அடுப்புக்குத்தான்."

மத்துக்கு உள்ளூர நடுக்கம். ஆனாலும் கௌரவத்தை விட மனம் வரவில்லை.

அப்போது நகரத்து வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்த சைராவின் தம்பி ஜோல்தோஷ் தாமதமாக வந்து சேர்ந்தான்.

"ஏன்டா இவ்வளவு நேரம்?"

"பிஷ்கேக்கைப் பற்றிக் கேட்காதே, அக்கா. காலையிலிருந்து அசையவே இல்லை."

மத்து விறைத்துப்போனது. "இவனுக்கு யார் சொன்னது?" என்று கிசுகிசுத்தது.

"நகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது" என்றது தோல்பை.

உள்ளே வருகிறவர் யாரானாலும் கொஞ்சம் கடைந்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஜோல்தோஷ் மத்தைத் தொட்டதுதான் தாமதம், பால் கூரை வரைக்கும் தெறித்தது.

"அக்கா, நான் ஒன்றும் செய்யவில்லை!" என்று அவன் அலறினான்.

"நன்றாகப் பார்த்துக்கொள்" என்றது மத்து, மூச்சிரைக்க. "அசைகிறது என்று போய்ச் சொல்."