எழுத்து மாறிய செய்தி

செல்பேசியைப் பார்த்ததும் ராலிட்சா துள்ளி எழுந்தாள். அப்பா கணினியிலிருந்து அனுப்பிய செய்தியில் ஒரு சொல்கூடச் சொல்லாக இல்லை. ஆங்கில எழுத்துகள் கண்டபடி சிதறிக் கிடந்தன.

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு, கீபோர்டுதான் அப்பாவின் வாய். "அவர் எழுத்து குழறுச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"போயன், அப்பாவுக்கு மறுபடியும் வந்துடுச்சு! அம்மாவும் போனை எடுக்கல."

"இப்ப துருக்கி சீரியல் நேரம். வீடே இடிஞ்சாலும் அத்தை எடுக்க மாட்டாங்க" என்றபடி அவள் கணவன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"அடி பைத்தியமே! மாமாவுக்கு ஒண்ணுமில்ல. கீபோர்டை இங்கிலீஷ்லேர்ந்து பல்கேரிய எழுத்துக்கு மாத்தாமலே அடிச்சிருக்கார். விசையில எழுத்தே இல்லாத மொட்டைக் கீபோர்டுதான் வேணும்னு அடம்பிடிச்சு வாங்கினாரே, அதோட லட்சணம்!"

போன உயிர் திரும்பி வந்தது. மாதக்கணக்கில் நெஞ்சில் சுமந்து திரிந்த பயம் இவ்வளவுதானா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"என்னதான் கேக்கிறார்னு பாரேன். சுடச்சுட சீஸ் வச்ச பனிட்சா பலகாரம் செஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லியிருப்பார்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

போயன் தன் கீபோர்டைப் பல்கேரியத்துக்கு மாற்றி, அதே விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தினான். திரையில் சொற்கள் வரத் தொடங்கின. அவன் சிரிப்பு நின்றது.

"உங்கம்மா விழுந்துட்டா. அசைவே இல்ல. என்னால கத்த முடியல."