இரவல் மூச்சு

நுரையீரல் தொற்றில் சாகக் கிடந்து பிழைத்த எபனேசருக்கு, ஒழுங்காக மூச்சு விடுவதே மறந்துபோயிருந்தது. அதனால் மனைவி செல்வராணியின் நெஞ்சில் மூச்சை அனுப்பும் ஒரு பட்டை, அவர் நெஞ்சில் அதை வாங்கும் ஒரு பட்டை. அவள் எப்படி மூச்சு விடுகிறாளோ, அந்த நொடியே அவருக்கும் அப்படி வரும். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது. துணி காயப்போட அவள் மாடியேறினால், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இவருக்கு இரைக்கும்.

"மெதுவா ஏறு ராணி!" என்று கத்துவார். இருவரும் சிரிப்பார்கள்.

அன்று காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று நெஞ்சு குலுங்கியது. நோய் திரும்பிவிட்டதோ என்று பயந்து, மூச்சுப் பயிற்சி டாக்டருக்குப் போன் போட்டார்.

"இங்க திரையில பார்த்துட்டேன், பட்டை சரியாத்தான் இருக்கு சார். உங்க நுரையீரலும் நல்லா இருக்கு. அவங்க என்ன செய்றாங்க?"

"குளிக்கப் போயிருக்கா."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் கூப்பிடுறேன் சார்" என்று வைத்துவிட்டார்.

எபனேசருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மனசில் ஒரு துக்கமும் இல்லை. நெஞ்சு மட்டும் தேம்பிக்கொண்டிருந்தது. குளியலறையில் குழாய் வெகுநேரமாக ஓடியது. வாளி எப்போதோ நிரம்பியிருக்கும்.

கதவு திறந்தது.

"என்னங்க, கஞ்சி சூடு பண்ணவா?" ராணி சிரித்த முகமாகத்தான் வந்தாள்.

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்தார். தேம்பல்தான் வந்தது.