குல்லா

"பத்தரை மணி. நான்தான் பாட்டிலைத் திறந்தேன். திரும்ப மூடியைத் திருகாம மேல வெச்சுட்டுப் போயிட்டேன். எத்தனை தடவை கேட்டாலும் இதேதான், டாக்டரம்மா."

ஆய்வக உதவியாளர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்து ஆராய்ச்சியாளரின் மேசைமேல் வைத்தார். தவறை ஒப்புக்கொண்டதால் வேலை போயிற்று; இன்று அவருக்கு இங்கே கடைசி நாள்.

"ஈரக்காத்து பட்டா வீணாயிடும்னு பாட்டில் மேல எழுதி ஒட்டினதே நீங்கதானே, அண்ணே?"

அது சிலைல் குளோரைடு. மூலக்கூறில் சட்டென்று வினைபுரியும் முனையைக் கொஞ்ச காலம் மூடிவைக்கும். மற்ற வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். அந்த ஆய்வகத்தில் அதற்குப் பெயர் குல்லா. ஈரம் பட்டதால் பாதிக்குமேல் குல்லா ஏறவில்லை. பதினோரு வார உழைப்பு கழிவுக் கேனுக்குப் போயிற்று.

"வயசாயிடுச்சில்ல. என் மண்டையில ஏதோ கழண்டிருக்கு."

"சிரிக்காதீங்க. அன்னிக்கு நானும் அதைத் திறந்தேன். ஒன்பது நாற்பதுக்கு. பாப்பா ஸ்கூல் படியில விழுந்துட்டான்னு போன் வந்துது. அந்தப் பதற்றத்துலயும் மூடிட்டுத்தான் ஓடினேன்."

"ஆமா. மூடிட்டுத்தான் ஓடினீங்க."

"நேரம் குறிக்கிற அந்த லேபிளாவது இருந்திருந்தா..."

"அதான் கரைப்பான் கொட்டி ஊறிப்போச்சுன்னு சொன்னேனே. பாப்பா கை எப்படி இருக்கு?"

"கட்டுப் பிரிச்சாச்சு."

"அது போதும்."

அவர் டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தார். அவளுக்கு ஆற்றாமை பொங்கியது.

"பன்னிரண்டு வருஷம் உங்களை நம்பினேன். கடைசியில எனக்கே குல்லா போட்டுட்டீங்களே."

கதவருகே நின்றார்.

"அது நம்ம தொழில்தானேம்மா."

போய்விட்டார். அவள் வழியனுப்பவில்லை. போய் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

சலவைக்குப் போடுமுன் அவருடைய கோட்டுப் பையைத் துழாவினாள். நான்காக மடித்த லேபிள். ஒரு சொட்டுக்கூட ஊறவில்லை. அவர் அடிக்கோல் வைத்துப் போட்ட இரண்டு கட்டங்கள்: திறந்த நேரம், மூடிய நேரம்.

அந்தத் தேதியில் ஒரே ஒரு வரி. திறந்த நேரம், ஒன்பது நாற்பது. அவளுடைய கையெழுத்து.

மூடிய நேரம் காலியாக இருந்தது.

ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் அவர் இல்லை.

மேசைமேல் தொலைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து.

"அவர் கிளம்பிட்டாராமே. விசாரணை ஃபைலை மூடிடலாமா, மேடம்?"