சொந்தக் கத்தி

பெட்டிக்காரர் சலூன் நாற்காலியில் சாய்ந்ததும் மடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். கத்தி, பிளேடு, பிரஷ், சோப்பு, துண்டு எல்லாம் அவருடையவை. சலூன்காரர் தர வேண்டியது கையை மட்டும்தான்.

சலூன்காரருக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு வாரமும் எரிவதுதான், இன்று கொஞ்சம் கூடுதலாக எரிந்தது.

தொழிலில் அவர் சுத்தக்காரர். ஒரு முகத்துக்கு ஒரு பிளேடு. பழையதை ஆள் கண்ணெதிரே ஒடித்துப் போட்ட பிறகுதான் புதியதைப் பிரிப்பார். ஒருவர் ரத்தம் பட்ட பிளேடு இன்னொருவர் கீறலில் பட்டால் என்னென்ன ஒட்டிக்கொள்ளும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பார். அப்படிப்பட்ட கடையில் வந்து ஒருவர் தன் சாமானைப் பரப்பினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

நினைக்கத்தான் செய்தார்கள். ஏதோ விஷயம் தெரிந்துதான் மனுஷர் இப்படிப் பெட்டியும் கையுமாக வருகிறார் என்று பேச்சுக் கிளம்பியது. அது தெருமுனை வரைக்கும் போய்த் திரும்புவதற்குள், சலூன்காரர் ரத்தத்திலேயே கிருமி இருப்பதாக ஆகிவிட்டது. அப்பா, பிள்ளை, பேரன் என்று வந்துகொண்டிருந்த குடும்பங்கள் எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்த கடைக்குத் தாவின.

நேற்று மனைவியே சாப்பாடு போட்டுக்கொண்டே, ஒரு தடவை ரத்தம் சோதித்துக்கொண்டால்தான் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார்.

இனிமேல் வராதீர்கள் என்று சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்தார். ஆளைக் கண்டதும் சொல்ல மனசு வரவில்லை. வாதம் வந்து படுத்து எழுந்ததிலிருந்து பெட்டிக்காரருக்கு வலது கை நடுங்கும், தானே சவரம் செய்துகொள்ள முடியாது. தனிக்கட்டை வேறு. பேச்சிலும் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. பெட்டி எதற்கு என்று முதல் நாளே கேட்டதற்கு, பழகிவிட்டது என்று சிரித்து மழுப்பிவிட்டார்.

ஆனால் ஒருமுறை சலூன்காரர் கட்டைவிரலில் சின்னதாக ஒரு துணிக்கட்டைப் பார்த்ததும், அதே மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெங்காயம் நறுக்கும்போது பட்டது, ஒன்றுமில்லை என்று எவ்வளவோ சொல்லியும் உள்ளே வரவில்லை. காயம் ஆறட்டும், அப்புறம் வருகிறேன் என்று திரும்பி நடந்தார். கட்டைப் பிரித்த பிறகும் சலூன்காரருக்கு அந்த அவமானம் ஆறவில்லை.

இன்று பெஞ்சில் பக்கத்துக் கடைத் தையல்காரர் வேறு உட்கார்ந்திருந்தார். பழைய சிநேகிதர். முடி வெட்டிக்கொள்ள வந்ததாகச் சொன்னாரே தவிர, கண் முழுக்கத் தகரப் பெட்டியில்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதே," என்று மெல்ல ஆரம்பித்தார். "நானும் அடுத்த தடவை வீட்டிலேருந்து கத்திரிக்கோல் கொண்டுவந்துடட்டுமா?"

சலூன்காரர் இடது கையால் பெட்டிக்காரரின் தாடைத் தோலை இழுத்துப் பிடித்துக் கத்தியை ஓட்டினார். கை இங்கே இருந்தது, மனசு தையல்காரர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கத்தி வழுக்கிவிட்டது. தாடையில் ஒரு கீறல். போன வேகத்தில் சலூன்காரருடைய விரல் நுனியிலும் ஒன்று.

இரண்டும் நூல் கனம்தான். பஞ்சை அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும்.

பெட்டிக்காரர் துள்ளி எழுந்தார். நுரையோடு ரத்தம் கழுத்துக்கு வழிவதைத் துடைக்கக்கூட இல்லை. சலூன்காரரின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப் போய்க் குழாயடியில் நிறுத்தினார். தண்ணீரைத் திறந்து, நடுங்கும் கையால் சோப்பைப் போட்டு, அந்த விரலைக் கழுவினார். கழுவியதையே மறுபடியும் கழுவினார். தையல்காரர் பெஞ்சை விட்டு எழுந்து, வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார்.

அதைப் பார்த்ததும் சலூன்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"போதும் சார். உங்க பெட்டியால என் பொழைப்பே படுத்துடுச்சு. கட்டின பொண்டாட்டியே என்னைச் சந்தேகமா பாக்கறா. வாங்க, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம். உங்க முன்னாடியே ரத்தம் எடுத்துப் பாக்கட்டும். எனக்கு ஒரு வியாதியும் கிடையாது."

பெட்டிக்காரர் குழாயை மூடவில்லை. பிடுங்கிக்கொண்ட கையை மறுபடி பிடித்துத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோனார்.

"போகத்தான் வேணும்," என்றார், தலை நிமிராமல். "உங்களுக்கு இல்லைன்னு எனக்குத் தெரியும். எனக்குத்தான் இருக்கு."